மெய்ன் நாட்டு நெடுமயிர்ப் பூனை

மனைவாழ் விலங்குகளுள் பூனையைப்போல மக்களோடு நெருங்கியும் அவர்க்கு அடங்காதும் வாழ்வது பிறிதொன்றில்லை. நாய் தன் தலைவன் குறிப்பறிந்து ஒழுகும். ஆவும் எருதும் கறவைக்கும் உழவுக்கும் உரியனவாய் நிற்கும். பூனையோ நம் அடுக்களையில் உண்டு, நம் பாயில் உறங்கி, நம் குழந்தைகளோடு விளையாடினும், தன் விருப்பின்படியே வரும். தன் விருப்பின்படியே போகும். ஆயினும் அதனை விரும்பி வளர்ப்பார் உலகெங்கும் உளர். அவ்வாறு விரும்பப்படும் பூனை வகைகளுள் உருவத்தாற் பெரியதும் மயிராற் செறிந்ததுமாய் விளங்குவது ‘மெய்ன் கூன்’ என்னும் அமெரிக்கப் பூனையாகும்.

இதன் தோற்றத்தைக் கண்டு வியப்பவர் பலர். அவ்வழகு எவ்வாறு வந்தது, அது கெடாமற் காத்தற்கு யாது செய்தல் வேண்டும் என்று வினவுவோர் சிலரே. இப்பூனையின் அழகெல்லாம் பனியையும் உழைப்பையும் தாங்கி உயிர்பிழைத்தற்பொருட்டு அமைந்த கருவிகளே. அப்பனியினின்றும் உழைப்பினின்றும் பிரித்து அதனை வீட்டினுள் வைப்போமாயின், அதுகாறும் இயற்கை செய்துவந்த பணியை நாமே செய்யக் கடமைப்பட்டவராவோம். இவ்விரண்டினையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த நாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில், கனடா நாட்டை எல்லையாகக் கொண்டு அமைந்தது மெய்ன் மாகாணம். 1820-ஆம் ஆண்டில் அஃது அந்நாட்டின் 23-ஆவது மாகாணமாகச் சேர்க்கப்பட்டது. உள்நாட்டிற் பெரும்பகுதி அடர்ந்த காடு. ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். பாறைகளும் தீவுகளும் குடாக்களும் நிறைந்த அக்கடற்கரையில் மரக்கலம் கட்டுவோரும் மீன் பிடிப்போரும் பண்டைநாள் தொட்டே வாழ்ந்தனர். அங்குக் குளிர்காலம் நெடியது. மாதக்கணக்காக நிலம் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். ஏரிகளின் நீர் கல்லென உறையும்.

பாய்க்கப்பல் ஓடிய காலத்தில், கலத்திலுள்ள தானியத்தை எலிகள் அழியாவண்ணம் காத்தற்குப் பூனைகளை உடன்கொண்டு செல்வது மாலுமிகளின் வழக்கம். அவ்வாறு ஐரோப்பாவினின்று வந்த பூனைகள் துறைமுகங்களில் இறங்கி, உழவரின் களஞ்சியங்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் குடிபுகுந்தன. அவற்றை யாரும் மடிமேல் வைத்துச் சீராட்டவில்லை. எலி பிடித்தன, வயிறு நிறைத்தன, வைக்கோற் போரில் உறங்கின. குளிரைத் தாங்கவல்லன பிழைத்துக் குட்டி போட்டன, தாங்கமாட்டாதன மடிந்தன. தலைமுறை தலைமுறையாக இத்தேர்வு நிகழ்ந்தது. பெரிய உடலும் செறிந்த மயிரும் உடைய இப்பூனையினத்தை உருவாக்கிய ஆசிரியன் மெய்ன் நாட்டுக் குளிரே என்னலாம்.

கதைகளும் உண்மையும்

இப்பூனையின் பிறப்பைப்பற்றி அந்நாட்டார் கூறும் கதைகள் சுவையுடையன. ரக்கூன் என்பது வாலில் வளையம் வளையமாக வரியுடையதோர் அமெரிக்கக் காட்டுவிலங்கு. பூனையும் ரக்கூனும் கூடிப் பெற்ற இனமே இஃது என்பது ஒரு கதை. கபில நிறமும் வரிவாலும் கண்டு இவ்வாறு எண்ணினர் போலும். ‘கூன்’ என்னும் பெயரும் இதனால் வந்ததென்பர். ஆயின் பூனையும் ரக்கூனும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகளாதலின், அவை கூடிக் குட்டி ஈனுதல் இயலாது.

பிறிதொரு கதை பிரெஞ்சு நாட்டு அரசியைப் பற்றியது. அந்நாட்டுப் புரட்சியின்போது அரசி மரீ அந்துவானெத் தப்பியோட எண்ணித் தன் அணிகலன்களையும் அருமைப் பூனைகளையும் சாமுவேல் கிளவ் என்னும் மெய்ன் நாட்டு மீகாமனின் கலத்தில் முன்னரே ஏற்றினாள் என்றும், 1793-இல் அவள் கொலையுண்டமையின் பூனைகள் மட்டும் மெய்ன் கரையை அடைந்தன என்றும் அக்கதை கூறும். வைக்கிங் மாலுமிகள் நார்வே நாட்டிலிருந்து கொணர்ந்தனர் என்பாரும் உளர். இவற்றிற்குச் சான்று யாதுமில்லை. சான்றில்லாத இடத்திற் கதை வளர்தல் எந்நாட்டிற்கும் இயல்பே.

உண்மை இதனினும் வியப்பானது. பூனையின் மயிர் ஓரளவு வளர்ந்தபின் ‘இனி நிற்க’ என்று கட்டளையிடும் மரபணு ஒன்றுண்டு. அதற்கு எஃப்.ஜி.எஃப்.5 என்று பெயர். அம்மரபணுவில் மாற்றம் நேர்ந்தால் அக்கட்டளை தளரும். மயிர் நெடிது வளரும். பூனைகளில் இம்மாற்றங்களை அறிஞர் 2007-ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டனர். தாய் தந்தை இருபாலிலிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற குட்டிக்கே நெடுமயிர் உண்டாகும். ஒருபால் மட்டும் பெற்றது குறுமயிருடன் தோன்றினும், நெடுமயிரின் வித்தைத் தன்னுள் மறைத்துவைத்துத் தன் குட்டிகளுக்கு வழங்கும். ஆகவே, கப்பலில் வந்த நெடுமயிர்ப் பூனைகள் சிலவே ஆயினும், அவற்றின் வித்து ஊர்ப்பூனைகளுள் மறைந்து பரவிப் பின் வெளிப்படுதல் கூடும். அரசியும் வேண்டுவதில்லை, ரக்கூனும் வேண்டுவதில்லை.

உயர்வும் தாழ்வும்

இப்பூனையினம் அடைந்த உயர்வு தாழ்வுகள் அறியத்தக்கன. 1903-இல் பிரான்செஸ் சிம்ப்சன் என்னும் ஆங்கில மாது பதிப்பித்த பூனை நூலில் மெய்ன் பூனைகளைப்பற்றி ஒரு பகுதி உண்டு. 1861-இல் தம் குடும்பத்தில் வளர்ந்த கறுப்பும் வெள்ளையுமான ஒரு பூனையை அதன் ஆசிரியை அதிற் குறித்துள்ளார். 1895-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க மண்டபத்தில் நடைபெற்ற பெரும் பூனைக் கண்காட்சியில், ‘கோசி’ என்னும் மெய்ன் நாட்டுப் பெண்பூனை முதற்பரிசு பெற்று, வெள்ளிக் கழுத்துப்பட்டையை அணிந்தது. தொழுவத்திற் பிறந்த இனம் தலைநிமிர்ந்த நாள் அது.

ஆயினும் அப்பெருமை நீடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீகப் பூனை செல்வர்தம் மனைகளைக் கவர்ந்தது. தட்டை முகமும் பட்டு மயிரும் நாகரிகமாயின. உழவர் வீட்டுப் பூனை பின்தள்ளப்பட்டது. 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் இவ்வினம் அழிந்துபட்டது என்றே சிலர் பேசலாயினர். ஆனால் மெய்ன் நாட்டு உழவர் அதனைக் கைவிட்டாரல்லர். 1968-இல் இப்பூனையை வளர்ப்போர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1976-இல் அந்நாட்டின் பெரிய பூனைச் சங்கம் இவ்வினத்தைப் போட்டிகளில் முழுத் தகுதியுடன் ஏற்றது. 1985-இல் மெய்ன் மாகாணச் சட்டமன்றம் இதனை அம்மாகாணத்திற்குரிய பூனையென அறிவித்தது. இன்று உலகில் மிகுதியாக விரும்பப்படும் பூனையினங்களுள் இஃது ஒன்று.

உருவமும் பயனும்

இப்பூனையின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். ஏனைப் பூனைகள் சராசரியாக 4 கிலோகிராம் எடையுள்ளனவாக, மெய்ன் ஆண்பூனை பெரும்பாலும் 6 முதல் 8 கிலோகிராம் வரையும், சிற்சில அதற்கு மேலும் இருக்கும். பெண்பூனை 4 முதல் 5½ கிலோகிராம் வரை இருக்கும். ‘ஸ்டூவி’ என்னும் மெய்ன் பூனை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 123 சென்டிமீட்டர் நீளமுடையதென 2010-இல் அளந்து பதிவு செய்யப்பட்டது. பிற பூனைகள் ஏறக்குறைய ஓராண்டில் வளர்ச்சி நிரம்ப, இது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை மெல்ல மெல்ல வளரும். பெரிய உடல் தன் வெப்பத்தை எளிதில் இழவாது. ஆதலின் குளிர்நாட்டிற்குப் பருமன் ஒரு காப்பு.

மயிர் உடலெங்கும் ஒரே அளவினதன்று. தோளிற் குறுகியும், வயிற்றிலும் பின்தொடைகளிலும் நீண்டும் இருக்கும். முட்புதரினூடே நுழையும் தோளில் நெடுமயிர் இருப்பின் சிக்கிக்கொள்ளும். பனிமேல் அமரும் வயிற்றுக்கும் தொடைக்கும் அது வேண்டும். மேல்மயிர் சற்றே நெய்ப்புடையதாதலின் நீர் அதில் எளிதில் ஊறாது. கழுத்தைச் சூழ்ந்த மயிர் சிங்கத்தின் பிடரியை நினைப்பூட்டும். காதினுள்ளும் மயிர் அடர்ந்து குளிர்காற்றைத் தடுக்கும். விரல்களினிடையே வளர்ந்த மயிர்க்கற்றை, பனிமேல் நடப்பார் அணியும் அகன்ற மிதியடி போலப் பாதம் புதையாமற் காக்கும். வாலோ நீண்டு, அடர்ந்து, விசிறிபோற் பரந்தது. உறங்குங்கால் அதனை முகத்தின்மேற் சுற்றிக்கொள்ளும். அதுவே போர்வை, அதுவே தலையணை. இவ்வாறு நோக்குவார்க்கு, காண்டற்கு அணியெனத் தோன்றுவன யாவும் பயனேயாதல் விளங்கும்.

இதன் இயல்பும் இனியது. பேருருவம் படைத்தும் குரல் மெல்லியது. பறவை கூவுவது போன்றதொரு சிற்றொலியால் வளர்ப்பாரை அழைக்கும். மடிமேல் ஏறி அமர்வதைக் காட்டிலும் அருகில் இருத்தலை விரும்பும். ஒருவர் அறைவிட்டு அறை செல்லின் தானும் பின்தொடரும். நீரைக் கண்டால் அஞ்சாது. முன்காலால் அளைந்து விளையாடும். குழந்தைகளிடத்தும் நாய்களிடத்தும் பொறுமையுடையதென வளர்த்தோர் பலரும் கூறுவர்.

மயிர் பேணுதல்

இனி வளர்ப்பு முறையைக் காண்போம். பூனையின் நாவில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் உள. அவற்றாலேயே அது தன் மயிரைச் சீவிக்கொள்கின்றது. ஆயினும் நெடுமயிரின் அடிவரை நா எட்டுதல் அரிது. உதிர்ந்த மயிரும் வயிற்றினுள் சென்று உருண்டையாகி வாந்தியாக வெளிப்படும். ஆதலின் வாரத்திற்கு இருமுறையேனும் மும்முறையேனும் அகன்ற பல்லுடைய எஃகுச் சீப்பால் வாருதல் வேண்டும். மயிர் உதிரும் பருவத்தில் நாடோறும் வாருதல் நன்று. முன்கால்களின் அக்குள், அடிவயிறு, காதின் பின்புறம், பின்தொடை ஆகிய இவ்விடங்களிலேயே சிக்கு விழும். சிக்கை அவிழ்க்காது விட்டால் அது சடையாய்த் திரண்டு, பூனை அசையுந்தோறும் தோலை இழுத்துப் புண்ணாக்கும்.

சிக்கினைக் கத்தரிக்கோலால் வெட்ட முயல்வது பெருந்தவறு. பூனையின் தோல் மெல்லியது, தளர்ந்தது. சடையோடு தோலும் மேலெழுந்து வருமாதலின் எளிதில் வெட்டுண்ணும். விரலால் மெல்லப் பிரித்தல் வேண்டும். இயலாதாயின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். குளிப்பாட்டுவதாயின் முன்னரே வாரிவிடுதல் நலம். நனைந்த சிக்கு மேலும் இறுகும். குட்டிப் பருவத்திலேயே சீப்பிற்குப் பழக்குவோர் பின்னர்ப் போராட வேண்டுவதில்லை. எட்டுக் கிலோகிராம் எடையுள்ள பூனை ‘மாட்டேன்’ என்று முடிவு செய்துவிட்டால், அதனை இணங்குவிக்கும் ஆற்றல் மக்களிடத்தில் இல்லை.

உணவும் உறைவிடமும்

பூனை ஊனுண்ணி, இஃது அதன் விருப்பமன்று, உடலமைப்பு. டாரின் என்னும் சத்தினைத் தேவையான அளவு தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. இறைச்சியினின்றே பெறல் வேண்டும். அச்சத்துக் குறைந்தால் இதயம் விரிந்து தளரும் என்பதை 1987-இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் மெய்ப்பித்தனர். இனிப்பின் சுவையைப் பூனை அறியாது. அதற்குரிய மரபணு அதனிடம் செயலற்றுவிட்டது என்பது 2005-இல் அறியப்பட்டது. நம் நாட்டு வீடுகளிற் பாற்சோறிட்டுப் பூனை வளர்ப்பது வழக்கமாயினும், வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். ஆதலின் பாற்சோறு மட்டும் அதற்கு உணவாகாது. வெங்காயமும் பூண்டும் குருதியைக் கெடுக்கும். லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினும் சிறுநீரகம் பழுதாகும். மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. அன்பின் மிகுதியால் அதனைக் கொடுத்து உயிரிழக்கச் செய்தல் நேரலாம். இதனை வளர்ப்பார் ஒருபோதும் மறத்தலாகாது.

தொழுவத்துப் பூனை எலியைத் துரத்தி உழைத்து உண்டது. வீட்டுப்பூனைக்கு உணவு தட்டில் வருகின்றது. ஆகவே அளவறிந்து இடுதல் வேண்டும்; இல்லையேல் உடல் கொழுத்து மூட்டுக்கள் நோகும். நாடோறும் அதனோடு விளையாடுதல் எலிவேட்டைக்கு ஈடாகும். கழிவுக்குரிய மணற்றட்டு அதன் உடல் திரும்பும் அளவிற்கு அகன்றிருத்தல் வேண்டும். நகந்தீட்டுதற்கு அசையாத உயர்ந்த கம்பம் வேண்டும். நகத்தை வெறுத்து விரலெலும்போடு வெட்டிவிடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்து வந்தது. அது கொடுமையெனக் கண்டு 2019-இல் நியூயார்க் மாகாணம் சட்டத்தால் தடுத்தது. அந்நாட்டு மாகாணங்களுள் முதன்முதலிற் செய்தது அதுவே.

இதய நோய்

ஒரு செய்தியை யாம் வற்புறுத்தல் வேண்டும். இவ்வினத்திற்குரிய பெருங்கேடு இதயத் தசை தடித்துப்போகும் நோய். வெளிக்கு நலமுடையதாய்த் தோன்றும் பூனை திடீரென மூச்சுத் திணறியோ, குருதிக்கட்டி தங்கிப் பின்னங்கால்கள் மரத்தோ வீழும். இந்நோய்க்குக் காரணமாகும் மரபணு மாற்றம் ஒன்றை 2005-இல் அறிஞர் மெய்ன் பூனைகளிடத்தே கண்டனர். ஆராய்ந்த பூனைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அம்மாற்றத்தை உடையதாயிருந்தது. ஒருபாற் பெற்றோரிடமிருந்து பெற்றதைவிட இருபாலும் பெற்றதற்கு இடர் மிகுதி. மரபணுச் சோதனையில் குறை காணப்படாத பூனைக்கும் பிற காரணங்களால் இந்நோய் வரலாம். ஆதலின் ஒலியலைக் கருவியால் இதயத்தைக் காலந்தோறும் சோதித்தலும் வேண்டும். இடுப்பு மூட்டுப் பிறழ்தலும், தண்டுவட நரம்பு நலிதலும் இவ்வினத்தில் ஒரோவழி உண்டு.

காட்டிலும் தொழுவத்திலும் வலியில்லாதது தானே மறைந்தது. இப்பொழுது எது குட்டி ஈனவேண்டும் என்பதை முடிவு செய்பவர் மனிதர். ‘மிகப் பெரிய பூனை’ என்று பெருமை பேசி விலை கூறுவார் உளர். வாங்குவார் கேட்கவேண்டிய கேள்வி எடை எவ்வளவு என்பதன்று. தாய் தந்தையரின் இதயம் சோதிக்கப்பட்டதா என்பதே. பன்னிரண்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்று பிரித்தலும் தகாது.

வெப்ப நாட்டில்

மெய்ன் பூனையை நம் நாட்டு நகரங்களிலும் இந்நாளில் விலைகொடுத்து வாங்கி வளர்ப்பார் உளர். பூனைக்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்கால்களிலேயே வியர்வை தோன்றும். மயிரை நக்கி நனைத்தும் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பனிக்கெனப் பிறந்த போர்வையோடு சித்திரை வெயிலில் அடைபட்டிருப்பதன் துன்பத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காற்றோட்டமும் நிழலும் உள்ள அறை, குளிர்ந்த தரை, பல இடங்களில் வைத்த தண்ணீர், உதிர்ந்த மயிரை அகற்றும் சீப்பு ஆகிய இவை இன்றியமையாதன. பூனை வாய்திறந்து இளைக்குமாயின் அஃது இடரின் அடையாளம். காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். மயிரை ஒட்டச் சிரைத்துவிடுதல் தீர்வாகாது. தோல் வெயிலுக்கு இலக்காகும். இத்துணையும் செய்ய இயலாதார் இப்பூனையை விரும்பாதொழிதலே அதற்குச் செய்யும் அன்பாம். தெருவிற் கைவிடப்படும் ஊர்ப்பூனைக் குட்டிகள் நம் வெயிலுக்கேற்ற மேனியுடன், நம் கதவருகிலேயே ஆதரவின்றி நிற்கின்றன. குறுமயிராயினும் அன்புக்கு அவை குறைந்தனவல்ல.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்க மாது ஒருவர், இறந்துபோன தம் மெய்ன் பூனையின் உயிரணுவிலிருந்து அதனையே ஒத்த குட்டி ஒன்றைப் படைப்பித்தற்கு 50,000 டாலர் கொடுத்தார். விலைக்கென நகலாக்கப்பட்ட முதற் பூனை அதுவே. ‘லிட்டில் நிக்கி’ என்பது அதன் பெயர். இழந்த உயிரின்மேல் அவர் கொண்ட அன்பை யாம் இகழோம். ஆயினும் இறந்தபின் கொடுக்கும் பொன்னினும், வாழும் நாளிற் சீப்பை எடுக்கும் கையும், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும் கையும், மருத்துவரிடம் தூக்கிச்செல்லும் கையுமே பூனைக்கு உதவுவன. பனியும் உழைப்பும் நூற்றாண்டுகளாக உருவாக்கித் தந்த அழகிய உயிரொன்றை வீட்டிற்கு அழைப்பவர், அவ்வழகை நாடோறும் காத்தற்கு உடன்பட்டே அழைக்கின்றனர். அவ்வுடன்பாடு இல்லார்க்கு அதன் படமே போதும்.